கார் ஸ்டீரியோவை நாமே மாட்டலாமா? – ஒரு 18 சென்டிமீட்டர் ஓட்டையின் வரலாறு

போன மாதம் எங்கள் பழைய காரின் ஸ்டீரியோ செத்துப்போனது. 2009 மாடல் ஹேட்ச்பேக். இப்போது பெரும்பாலும் அப்பாதான் ஓட்டுகிறார். காலையில் காய்கறிக் கடை, சாயங்காலம் கோயில், மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க. பென்டிரைவில் நான் போட்டுக் கொடுத்த பழைய பாட்டு இல்லாமல் வண்டியை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். செட்டுக்கு ஒரு விலை, மாட்டித் தருவதற்குத் தனியாக ஒரு தொகை. வீட்டில் வந்து சொன்னதும் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, நீ பி.இ. தானே? ஒரு ரேடியோ மாட்டத் தெரியாதா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "கடையிலேயே குடுத்துடுப்பா."

அப்பா அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். என் வழக்கப்படி, ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். "நாமே மாட்டலாமா?" என்ற கேள்வி எனக்கு மட்டும் வந்ததில்லை. கார் ரேடியோ பிறந்த நாளிலிருந்து இது இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் அதற்குப் பதில் வேறு வேறு. ஏன் என்று பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான்: பதிலை முடிவு செய்தது நம் கைத்திறமை இல்லை. வண்டிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு தெளிவான எல்லைக்கோடு இருந்ததா இல்லையா என்பதுதான்.

ஓட்டையே இல்லாத காலம்

காரில் முதலில் ரேடியோ வைத்தது யார் என்று தேடினால் ஒரு கம்பெனி பெயர் வராது, ஒரு பையன் பெயர் வரும். 1922ல் சிகாகோவில் ஒரு பள்ளி ரேடியோ கிளப்பின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஃப்ராஸ்ட் என்ற 18 வயசுப் பையன், ஃபோர்டு மாடல் டி காரின் கதவில் ஒரு ரேடியோவைப் பொருத்தினார் என்று சொல்வார்கள். இவருக்கு முன்னால் வேறு யாராவது செய்திருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு: கார் ரேடியோவின் தொடக்கமே "நாமே மாட்டினது"தான். மாட்டித் தர அப்போது கடை ஏது?

அன்றைக்கு இது சும்மா ஸ்க்ரூ முடுக்கும் வேலை இல்லை. மூன்று பெரிய தலைவலிகள் இருந்தன.

முதலாவது கரண்ட். ரேடியோவில் இருந்தவை வால்வுகள். அவற்றுக்கு நூறு, நூற்றைம்பது வோல்ட் வேண்டும். வண்டியில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. அதனால் 'பி பேட்டரி' என்ற உலர் பேட்டரிகளைப் பெட்டியில் அடுக்கி, தரைப் பலகையை அறுத்து, காலுக்குக் கீழே வைத்தார்கள். தீர்ந்துபோனால் புதுசு வாங்கணும். பின்னால்தான் 'வைப்ரேட்டர்' வந்தது. ஒரு சின்ன இரும்பு நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து 6 வோல்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அதை ஏற்றிவிடும். அந்தக் கால ரேடியோவைப் போட்டால் பாட்டுக்கு முன்னால் ஒரு ரீங்காரம் கேட்கும் என்பார்களே, அது இந்த நாக்கின் சத்தம்.

இரண்டாவது ஏரியல். அப்போது நிறைய கார்களின் கூரை முழுக்க இரும்பு இல்லை. நடுவில் மரச்சட்டமும் துணியும்தான். உள்கூரைத் துணியைப் பிரித்து, கம்பி வலையை விரித்துத் தைத்து, திரும்ப மூடினார்கள். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்தபோது இந்த வித்தை செல்லாமல் போனது. ஏரியல் வண்டிக்கு அடியில் போய், அப்புறம் வெளியே குச்சியாக நீண்டது.

மூன்றாவதுதான் உண்மையான வில்லன்: எஞ்சின். ஆரம்பகாலக் கம்பியில்லாத் தந்தியே தீப்பொறியில்தான் ஓடியது. ஸ்பார்க் பிளக் செய்வதும் அதேதான். அதாவது ஒவ்வொரு காரும் தனக்குள்ளேயே ஒரு சின்ன ரேடியோ நிலையத்தை வைத்துக்கொண்டு, சொந்த ரேடியோவின் காதிலேயே 'டக் டக் டக்' என்று கத்திக்கொண்டிருந்தது. பிளக் வயரில் ரெசிஸ்டர், ஜெனரேட்டரில் கண்டென்சர், உலோகப் பகுதிகளை ஒன்றோடொன்று எர்த் செய்வது என்று ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது.

பால் கால்வினும் எரிந்த காரும்

இந்த மூன்றையும் அடக்கி வியாபாரமாக்கியவர்களில் முக்கியமானவர் பால் கால்வின். 1928ல் சிகாகோவில் தம்பி ஜோசஃபுடன் கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷனை ஆரம்பித்தார். முதலில் விற்றது 'பேட்டரி எலிமினேட்டர்', அதாவது பேட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோவை வீட்டுக் கரண்டில் ஓட வைக்கும் பெட்டி. நேராகக் கரண்டில் ஓடும் ரேடியோக்கள் வந்ததும் அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. கூடவே 1929 பங்குச்சந்தைச் சரிவு. கம்பெனியே மூழ்கும் நிலைமை. காருக்கான ரேடியோ என்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

எல்மர் வேவரிங், வில்லியம் லியர் போன்றவர்கள் உழைப்பில் ஒரு மாடல் தயாரானது. 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் அதை மாட்டிக்கொண்டு சிகாகோவிலிருந்து சுமார் 800 மைல் ஓட்டிப் போனார். உள்ளே ஸ்டால் போட வசதி இல்லை. காரை வெளியே நிறுத்தி, சத்தமாகப் போட்டுக் காட்டினார். ஆர்டர் கிடைத்தது. அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. 1947ல் கம்பெனிக்கே அந்தப் பெயர் ஆனது.

அதே காலத்துக் கதை ஒன்றை மோட்டோரோலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கடன் கேட்கப் போன கால்வின், பேங்க்காரரை மகிழ்விக்க அவருடைய பேக்கார்டு காரில் ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாம். கடன் கிடைக்கவில்லை. கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால் நம்பக்கூடிய கதைதான். தொழிலின் முன்னோடிகளுக்கே வயரிங் அப்படித்தான் இருந்தது.

விலையையும் பாருங்கள். 500 டாலருக்குள் புது ஃபோர்டு மாடல் ஏ கிடைத்த காலத்தில் இந்த ரேடியோ நூறு டாலருக்கு மேல். மாட்டுவது நாள்கணக்கில் ஆகும் வேலை. டேஷ்போர்டில் துளை, தரையில் துளை, கூரையில் கிழிசல். ஒழுங்காக மாட்டத் தெரிந்த ஆள் இல்லாததுதான் விற்பனைக்கே தடையாக இருந்தது. 1930களின் நடுவில் பி.எஃப். குட்ரிச் என்ற டயர் கம்பெனியின் கடைகளோடு கால்வின் ஒப்பந்தம் போட்டார்: ரேடியோவை விற்பதும் அங்கே, மாட்டுவதும் அங்கே. நம்ம ஊர் கார் ஆக்சஸரீஸ் கடைக்கு இதைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

எதிர்ப்பும் கூடவே வந்தது. 1930 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் கார் ரேடியோவைத் தடை செய்யலாமா என்ற பேச்சு எழுந்தது. ஓட்டுகிறவரின் கவனம் சிதறும், தூக்கம் வரும் என்பது வாதம். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய காலம்

அடுத்த முப்பது நாற்பது வருடங்களில் ரேடியோ பெட்டி மாறிக்கொண்டே இருந்தது. ஐரோப்பாவில் 1932ல் பிளாபுங்க்ட் முதல் கார் ரேடியோவை விட்டது. அது 15 கிலோ எடை இருந்த பெட்டி. கைக்கு எட்டாது என்பதால் ஸ்டியரிங் பக்கத்தில் தனியாக ஒரு கன்ட்ரோல் வைத்தார்கள். 1952ல் அதே கம்பெனி காரில் எஃப்எம் கொண்டுவந்தது. 1955ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கார் ரேடியோவை அறிவித்தார்கள். வால்வு போனது, துடிக்கும் நாக்கு போனது, சூடும் போனது. 1956 மாடல் கிரைஸ்லர் வண்டிகளில் இசைத்தட்டு பிளேயரே இருந்தது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று. அதற்கான தட்டுகள் தனி ரகம். கடையில் வாங்கும் சாதாரண ரெக்கார்டு அதில் ஓடாது. அதனாலேயே சீக்கிரம் ஓய்ந்தது. 1966 மாடல் ஃபோர்டுகளில் 8 டிராக் டேப் வந்தது. அதன் பின்னால் இருந்தவர் அதே வில்லியம் லியர். பிலிப்ஸ் 1963ல் வெளியிட்ட சின்ன கேசட் 1968ல் காருக்குள் ஏறியது.

பெட்டி இப்படி மாறிக்கொண்டே இருக்க, பெட்டி உட்காரும் இடத்துக்கு மட்டும் ஒரு ஒழுங்கு வரவில்லை. ஒவ்வொரு கார் கம்பெனியும் தன் டேஷ்போர்டுக்குத் தகுந்த மாதிரி ரேடியோ செய்யச் சொன்னது. வெளியில் வாங்கிய டேப் பிளேயரை எங்கே வைப்பது? டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் பலகையை அறுத்து ஸ்பீக்கர். அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முட்டியில் இடிக்கும் டெக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் அப்போது இன்னொரு சங்கதியும் உண்டு. ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்கணும். 1980களின் நடுப்பகுதி வரை அந்த வழக்கம் இருந்தது. "நாமே மாட்டலாமா" என்பதற்கு முன்னால் "வச்சுக்கலாமா" என்பதே அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தது!

180க்கு 50

இனிமேல்தான் நம்ம ஓட்டை வருகிறது.

ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான 'டின்', கார் ரேடியோவின் முகத்துக்கு ஒரு அளவு வைத்தது: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். 1984ல் இது ஐஎஸ்ஓ 7736 என்று உலகத் தரமானது. ஜப்பான்காரர்கள் இதையே இரண்டு மடங்கு உயரமாக்கி 180க்கு 100 என்று வைத்தார்கள். அதுதான் 'டபுள் டின்'. பிறகு ஐஎஸ்ஓ 10487 என்று பின்பக்க பிளக்குக்கும் ஒரு தரம் வந்தது. எட்டுப் பின் கொண்ட ஒரு கப்ளர் கரண்டுக்கு, எட்டுப் பின் கொண்ட இன்னொன்று நாலு ஸ்பீக்கருக்கு.

எந்தத் தரத்துக்கும் அடங்காமல், வெளியில் விற்ற செட்டுகளில் வயர் நிறங்களும் ஒன்றாகிவிட்டன. மஞ்சள் என்றால் எப்போதும் 12 வோல்ட். சிவப்பு என்றால் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட். கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அதனதன் நெகடிவ்.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும். இது ஒரு இன்டர்ஃபேஸ். வண்டி செய்கிறவனுக்கு ரேடியோவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாம். ரேடியோ செய்கிறவனுக்கு எந்த வண்டி என்று தெரிய வேண்டாம். நடுவில் ஒரு ஓட்டை, ஒரு பிளக். கால்வின் காலத்தில் ஒவ்வொரு வண்டியும் தனி ஆராய்ச்சி. 1984க்கு அப்புறம் ஒரு அரை நாள் வேலை. அதே வருடம் பயனியர் முதல் கார் சிடி பிளேயரை வெளியிட்டது. பழைய டெக்கை உருவிவிட்டு அதே ஓட்டையில் சிடியைச் சொருகலாம். பின்னால் எம்பி3, யுஎஸ்பி, புளூடூத் எல்லாம் வண்டி மாறாமலே வந்து உட்கார்ந்ததும் இந்த ஓட்டையால்தான்.

இந்தியாவுக்கு இது சரியான நேரத்தில் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கார் பரவலானது. பல வண்டிகள் ஷோரூமிலிருந்து ஸ்டீரியோ இல்லாமலே வந்தன. ஓட்டை மட்டும் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு காத்திருந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரித் தெருக்கள் பிழைத்ததில் அந்த மூடிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஓனருக்குச் சுலபமானது திருடனுக்கும் சுலபம். பல செட்டுகளில் இரண்டு பக்கமும் இருக்கும் துளைகளில் யு வடிவக் கம்பியைச் சொருகினால் செட் அப்படியே வெளியே வந்துவிடும். எல்லா வண்டிக்கும் பொருந்துவதால் திருட்டுச் சரக்குக்கும் நல்ல சந்தை. 1980களில் நியூயார்க்கில் 'ரேடியோ இல்லை' என்று கார் கண்ணாடியில் எழுதி ஒட்டும் அளவுக்குப் போனது. அதிலிருந்துதான் கழற்றி எடுத்துப் போகும் செட், கழறும் முகப்பு, ரகசிய எண் கேட்கும் ரேடியோ எல்லாம் வந்தன. திருட்டுக்குப் பயந்தும் அழகுக்காகவும் கார் கம்பெனிகள் ரேடியோவை டேஷ்போர்டோடு ஒட்டிப் பிறந்ததாகச் செய்ய ஆரம்பித்தன. ஓட்டை மூடத் தொடங்கியது இங்கேதான்.

ஒரு கணக்கும், என் புகைக் கதையும்

அந்தப் பொற்காலத்தின் கடைசியில்தான் நானும் கை வைத்தேன். 2006. செகண்ட் ஹேண்ட் கார். செட்டின் பெட்டியில் '50 வாட் x 4' என்று கொட்டை எழுத்து. இஞ்சினியருக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும். எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஓட்டினால்கூட உச்சம் 14.4 வோல்ட், சராசரிக் கணக்கில் 10.2 வோல்ட். அதன் வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் 26 வாட். சிதையாத ஒலிக்கு அதுதான் உச்சவரம்பு. வோல்டேஜை ஏற்றும் தனி சர்க்யூட் இல்லாமல் அதைத் தாண்ட இயற்பியல் விடாது.

அந்தத் தனி சர்க்யூட்தான் ஆம்ப்ளிஃபயர். அதையும் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயருக்குச் செட்டின் பின்னாலிருக்கும் ஒல்லி வயர் போதாது. பேட்டரியிலிருந்து நேராகத் தடி வயர் இழுக்கணும். இழுத்தேன். எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டில் ஒரு துளை போட்டு உள்ளே கொண்டுவந்தேன். துளையில் ரப்பர் வளையம் போடவில்லை. பேட்டரி பக்கத்தில் ஃபியூசும் போடவில்லை. "ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபியூஸ் இருக்கே" என்பது என் வாதம்.

ஆறு மாதம் நன்றாகப் பாடியது. அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சி போகும்போது, மேல்மருவத்தூர் தாண்டியதும் காலடியில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. அடுத்த நிமிடம் டேஷ்போர்டுக்குக் கீழே புகை. தகட்டின் விளிம்பு ஆறு மாதமாக வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. பேட்டரிக்கும் வண்டியின் உடம்புக்கும் நேர் ஷார்ட். வண்டியை ஓரம் கட்டினேன். அம்மாவை இறக்கிவிட்டு, அப்பாதான் டூல் கிட்டிலிருந்து ஸ்பானரை எடுத்து பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றினார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். தீப்பிடிக்கவில்லை. அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றுவரை இல்லை. "கடையிலேயே குடுத்துடுப்பா" என்பதுதான் அந்தத் திட்டு, இத்தனை வருஷம் கழித்து.

அன்று எனக்குப் புரியாதது இன்று புரிகிறது. ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. ஸ்டார்ட்டர் மோட்டாரையே சுழற்றும் பேட்டரி, ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வழியில் எங்கே உராய்ந்தாலும் நிறுத்த வேண்டுமானால் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு முழத்துக்குள் இருக்கணும். வயரின் மறுமுனையில் இருக்கும் ஃபியூசுக்கு நடுவழியில் நடப்பது தெரியவே தெரியாது.

வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. செட்டை மாற்றியதில் எனக்கு ஒரு தப்பும் நடக்கவில்லை. அங்கே எல்லைக்கோடு இருந்தது. ஃபியூஸ், வயர் தடிமன் எல்லாவற்றையும் வண்டி செய்தவர்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயருக்காக நான் அந்தக் கோட்டைத் தாண்டிய நிமிடமே 1930க்குப் போய்விட்டேன். பேக்கார்டு காரில் கால்வின் நின்ற இடத்தில்.

ஓட்டை மூடுகிறது

1986ல் டெட்ராய்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் பாஷ் கம்பெனி 'கேன்' என்ற முறையை அறிமுகப்படுத்தியது. வண்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயர் இழுக்காமல், எல்லாக் கணினிகளும் இரண்டே வயரில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல யோசனை. ஆனால் ரேடியோவும் மெதுவாக அந்த உரையாடலில் சேர்ந்தது. வேகத்தைப் பார்த்து சத்தத்தைக் கூட்டுவது, ஸ்டியரிங் பட்டன், கதவு திறந்தால் அடிக்கும் மணி, ஏசி வெப்பநிலை காட்டுவது என்று எல்லாம் அதன் வழியே. 2001ல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் ஆடியோ கருவிகளை ஒளியிழை வளையத்தில் கோத்தார்கள். அந்த மாதிரி வளையத்திலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றினால் மொத்த வளையமும் ஊமையாகிவிடும்.

அடுத்து திரை. அமெரிக்காவில் 2018 மே முதல் புது கார்களுக்கு ரிவர்ஸ் கேமரா கட்டாயம். கேமரா என்றால் திரை வேண்டும். திரை வந்தபின் அது ரேடியோ மட்டும் இல்லை, வண்டியின் முகம்.

அந்த முகம் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பதை 2015 ஜூலையில் உலகம் பார்த்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஒரு பத்திரிகையாளர் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டிலிருந்தபடியே கைப்பற்றினார்கள். முன்கூட்டியே பேசிவைத்த சோதனைதான். உள்ளே நுழைந்த வழி? ஸ்டீரியோ. மொபைல் நெட்வொர்க்கோடு இணைந்திருந்த அந்தப் பெட்டி வழியாக நுழைந்து, கேன் வயருக்குத் தாவி, நெடுஞ்சாலையில் வண்டியின் வேகத்தையே அடக்கினார்கள். 14 லட்சம் வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிவந்தது. அது நடந்த ஊர் எது தெரியுமா? செயின்ட் லூயிஸ். கார் ரேடியோ ஆபத்து என்று 1930 வாக்கிலேயே பேசிய அதே ஊர். அவர்கள் சொன்ன காரணம் வேறு என்பது உண்மைதான்!

இன்னொரு ஊரும் பாக்கி இருக்கிறது. மாசசூசெட்ஸ் மக்கள் 2012லும் 2020லும் வாக்குப்பெட்டிக்குப் போனார்கள். கேள்வி: காரைப் பழுது பார்க்கத் தேவையான தகவல்களைக் கம்பெனி தன் டீலர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா, வெளி மெக்கானிக்குக்கும் ஓனருக்கும் தர வேண்டுமா? இரண்டு தடவையும் தர வேண்டும் என்ற பக்கம்தான் ஜெயித்தது. 2020ல் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் ஆதரவு. தொண்ணூறு வருடத்துக்கு முன் "காரில் ரேடியோ வைக்கலாமா" என்று கேட்ட மாநிலம், இப்போது "என் காரை நான் தொடலாமா" என்று கேட்டது.

அப்போ, மாட்டலாமா?

இத்தனையும் படித்தபின் என் காருக்கு மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, கோடு இருக்கிறதா? செட்டைக் கழற்றினால் 180க்கு 50 அல்லது 180க்கு 100 ஓட்டை தெரிந்து, கப்ளர் மட்டும் வெளியே வந்தால் இருக்கிறது. திரை, ஏசி, கேமரா எல்லாம் ஒன்றாகப் பிணைந்திருந்தால் இல்லை.

இரண்டு, ஒரு வயரையும் வெட்டாமல் முடியுமா? வண்டியின் கப்ளரையும் செட்டின் கப்ளரையும் இணைக்கும் அடாப்டர் கடையில் கிடைக்கிறது. 'கப்ளர் டு கப்ளர்' என்றே கேட்டு வாங்கலாம். அப்போதும் மல்டிமீட்டர் வைத்து மஞ்சளும் சிவப்பும் சரியா என்று பார்க்கணும். சில ஐரோப்பிய வண்டிகளில் இரண்டும் இடம் மாறியிருக்கும். மாறினால் ஒவ்வொரு தடவை சாவி எடுக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் நிரந்தரக் கரண்டில் கொடுத்தால் காலையில் பேட்டரி படுத்துவிடும்.

மூன்று, கோட்டைத் தாண்டிப் புதுக் கரண்ட் வழி இழுக்கிறோமா? ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் என்றால் ஆமாம். அப்படியானால் ஃபியூஸ், ரப்பர் வளையம், வயர் தடிமன் மூன்றும் தெரிந்த ஆளிடம் கொடுக்கணும். கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று ஃபியூஸ் எங்கே போடுகிறார் என்று பார்க்கணும். கூடவே ஒரு எச்சரிக்கை: ஏர்பேக் வயரிங்கின் கப்ளரும் உறையும் வழக்கமாக மஞ்சள் நிறம். ரேடியோவின் மஞ்சள் என்று நினைத்து டெஸ்ட் லேம்ப்பால் குத்தவே கூடாது.

வீட்டில் இருக்கும் இன்னொரு வண்டி 2022 மாடல். அதில் முதல் கேள்வியிலேயே தோல்வி. தொடப்போவதில்லை. அப்பாவின் 2009 வண்டி மூன்றிலும் தேறியது. டபுள் டின் ஓட்டை, அடாப்டர் உண்டு, ஆம்ப்ளிஃபயர் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் இறங்கினோம். முதல் வேலை பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றியது. அதை அவளையே செய்ய வைத்தேன். டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பி எடுத்தோம். நாலு ஸ்க்ரூ, இரண்டு கப்ளர், ஒரு ஏரியல் வயர். பாதி நேரம் உள்ளே விழுந்த ஒரு ஸ்க்ரூவைத் தேடியதில் போனது. பன்னிரண்டு மணிக்குள் பாட்டு வந்துவிட்டது.

அப்பா வந்து உட்கார்ந்தார். ஒரு பாட்டு முழுசாகக் கேட்டார். சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக் கேட்டார்: "ஃபியூஸ் இருக்கா?"

"இருக்கு தாத்தா. நான்தான் செக் பண்ணேன்."

அப்புறம்தான் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.